கூளப்பட்டிக்கு வந்த பொருளாதாரம்

கூளப்பட்டியில் எது நடக்காமல் போனாலும் அதற்குக் காரணம் பொருளாதாரம்தான். டீக்கடை ஞானமணியின் உளுந்தவடை கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கிப்போனதற்குப் பொருளாதாரம். மத்தியானப் பஸ் ஊருக்குள் வராமல், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கிலேயே திரும்பிப் போனதற்குப் பொருளாதாரம். தையல்காரர் மூக்கையா பெண்டாட்டிக்கென்று போன தீபாவளிக்கு வாங்கிய துணியை இந்தத் தீபாவளி வரைக்கும் வெட்டாமல் வைத்திருந்ததற்கும், சங்கரலிங்கம் வாத்தியார் சொந்தத் தம்பி வீட்டுக் காதுகுத்துக்குத் தலைகாட்டாததற்கும், மாரியம்மன் கோயிலில் கரகாட்டம் நின்றுபோய் அந்த இடத்தில் ரேடியோ செட்டு கத்தியதற்கும் அதே காரணம்தான். "எல்லாம் பொருளாதாரம்ப்பா" என்று ஒருத்தர் பெருமூச்சு விட்டால் போதும், எதிரே நிற்கிறவர் "அதுவும் வாஸ்தவம்தான்" என்று தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டிவிடுவார். அந்தச் சொல்லுக்கு மேல் அங்கே யாரும் யாரையும் கேள்வி கேட்டதில்லை. அது கறுப்பா சிவப்பா, எங்கே குடியிருக்கிறது, என்ன தின்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அதற்கு உடம்பு சரியில்லை என்பது மட்டும் பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அந்தச் சொல்லில் சிக்கி முழிபிதுங்கி நின்றவள் பூங்கோதை. வியாழக்கிழமை மாட்டுச்சந்தைக்குள் நுழைந்ததும் இடப்பக்கம், தாம்புக்கயிறும் மூக்கணாங்கயிறும் சலங்கையும் நெற்றிப்பட்டமும் தொங்குகிறதே, அது அவள் கடை. அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்ச்சேர்ந்துவிட, தாய்மாமன் சின்னழகர்தான் அவளை வளர்த்து ஆளாக்கினார். சின்னழகர் சந்தையில் பெரிய மாட்டுத்தரகர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட அனாவசியமாக அசையாத மனுஷன். அவளுக்கும் பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருக்கிற செல்லப்பாண்டிக்கும் பூ வைத்து நிச்சயமாகி ஆறு வருஷம் ஆகிவிட்டது. பெண்ணுக்கு மாப்பிள்ளை மேல் உயிர். மாப்பிள்ளைக்கும் அப்படித்தான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள், ஏனென்றால் வாராவாரம் சந்தை கலைகிற நேரத்துக்கு ஒரு தூக்குவாளியில் சூடாகப் பருத்திப்பாலோடு வந்து, அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரே குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, துண்டு போடுகிற சடங்கு.

மாட்டுச்சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். தரகர் தோளில் கிடக்கிற துண்டை உருவி இரண்டு பேர் கையும் மறைகிற மாதிரி மேலே போட்டு, உள்ளே விரலைப் பிடித்து, அமுக்கி, தடவி, சுண்டி, இவ்வளவு என்று சொல்ல, எதிராளி அவர் விரலைப் பிடித்து இல்லை இவ்வளவுதான் என்று சொல்ல, வெளியே நிற்கிற ஈ எறும்புக்கும் விஷயம் தெரியாமல் விலை படிந்துவிடும். கூளப்பட்டிக்காரர்கள் இதைக் கல்யாணத்துக்கும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். சீர் என்ன, செய்முறை என்ன என்பதை ஊர் கூடி நிற்க மாப்பிள்ளையும் பெண்ணின் தாய்மாமனும் துண்டுக்குள் விரல் பிடித்துப் படியவைக்க வேண்டும், அப்புறம்தான் தாலி. கை உள்ளே இருக்கும்போது முகம் கல்லாக இருக்க வேண்டும். இருமலாம், தும்மலாம், ஆனால் சிரித்துவிட்டால் பேச்சு முறிந்தது, பெண் வீட்டார் நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம்.

"எப்பத்தாங்க துண்டு போடப் போறீங்க?" என்று பூங்கோதை கேட்பாள்.

"கொஞ்சம் பொறு கோதை. பொருளாதாரம் சரியாகட்டும்" என்பான் செல்லப்பாண்டி.

முதல் வருஷம் அவளும் தலையாட்டினாள். இரண்டாம் வருஷம் பத்திரிகை வாங்கிப் படித்துப் பார்த்தாள், அதிலும் சரியில்லை என்றே போட்டிருந்தது. அப்புறம் அவளோடு படித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே அடிவயிறு எரிந்தது. ஆடி மாதம் பிறந்த அன்றைக்குச் சின்னழகர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இந்தா பாரு ஆத்தா. ஆவணி பொறக்குற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அந்தப் பய வந்து கையை நீட்டலைன்னா தட்டைத் திருப்பிக் குடுத்துட்டு, திண்டுக்கல்லுல ஒரு பூட்டுக்கடைக்காரரு கேட்டுக்கிட்டே இருக்காரு, அவருக்குப் பேசி முடிச்சிருவேன்."

"மாமா, எனக்கு அவருதான் வேணும்."

"வேணும்னு நீ சொல்லுற. அவன் சொல்லணும்ல?"

பூங்கோதை கடைக்கு வந்து சலங்கைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. "அந்தப் பொருளாதாரம் மட்டும் என் கண்ணுல படட்டும், மூக்கைக் குத்திக் கயிறு மாட்டி இழுத்துட்டு வந்துருவேன்" என்று கத்தினாள். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாருக்கும் கேட்டது.

அடுத்த வியாழக்கிழமை காலையில், லாரிகளிலிருந்து மாடுகள் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பொருளாதாரம் வந்தது. விலக்கு ரோட்டிலிருந்து தன்னந்தனியாக, ஓட்டுவாரும் பிடிப்பாரும் இல்லாமல், எதிரே வந்த ஷேர் ஆட்டோவுக்கு ஒதுங்கி வழிவிட்டு, நிதானமாக நடந்து வந்து, சந்தைத் திடலின் நடுவில் வேப்பமரத்தடியில் நின்று ஒருதரம் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. மாட்டைவிடப் பெரிசு, யானையைவிடச் சிறிசு. கொம்பு உண்டா என்றால் உண்டு, ஆனால் பார்க்கிறபோதெல்லாம் ஒன்று நீண்டும் மற்றது குட்டையாகவும் மாறி மாறித் தெரிந்தது. வெயிலில் மஞ்சள், நிழலில் சாம்பல். மூச்சுவிட்டால் புதுத்துணி வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் வறுகடலை வாசமும் ஒன்றாகக் கலந்து வந்தது. இது என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கலெக்டர் வந்தால் கலெக்டர் என்று தெரிவதில்லையா? அப்படித்தான், பார்த்ததுமே எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

"அடேங்கப்பா, பொருளாதாரம் வந்துருச்சுடோய்!" என்று ஞானமணி டீ ஆற்றுகிற குவளையோடு ஓடி வந்தார்.

தரகர்கள் தரகர்கள்தானே, உடனே வாயைப் பிளந்து பல் பார்த்தார்கள், வாலைத் தூக்கிப் பார்த்தார்கள், சுழி பார்த்தார்கள். நல்ல சுழி என்று பெயர் உள்ள அத்தனையும் அதன் உடம்பில் இருந்தது, கெட்ட சுழி என்று பெயர் உள்ள அத்தனையும் இருந்தது, பெயரே இல்லாத சுழிகளும் இருந்தன. சந்தைக் குத்தகைக்காரர் இதற்கு மாட்டுக்கு உண்டான சுங்கமா, ஒட்டகத்துக்கு உண்டானதா என்று குழம்பிக் கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கேட்க, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அவரே கட்டினார். பெண்கள் அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். பொரிகடலைக்காரரும் பலூன்காரரும் எங்கிருந்தோ வந்துசேர்ந்தார்கள்.

"ஏண்ணே, இது நாட்டுப் பொருளாதாரமா, உலகப் பொருளாதாரமா?" என்று தையல்காரர் மூக்கையா சின்னழகரைக் கேட்டார்.

"எதுவா இருந்தா என்னப்பா. எங்கயாவது ஒரு இடத்துல நிக்கணும்ல? இன்னைக்கு இங்க நிக்குது."

"அப்ப டெல்லியில?"

"தேடிக்கிட்டு இருப்பாய்ங்க."

சாயங்காலம் டீக்கடை டி.வி.யில் கோட்டுப்போட்ட ஒருத்தர், பொருளாதாரம் மெல்ல எழுந்து நிற்கத் தொடங்கியிருக்கிறது என்று அடித்துச் சொன்னார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பித் திடலைப் பார்த்தார்கள். அது காலை மடக்கிப் படுத்து, கண்ணை மூடி, காது மடலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. "படுத்துக் கெடக்குறதை எந்திரிச்சு நிக்குதுங்கிறாய்ங்க பாரு, வாய் கூசாம" என்று ஞானமணி டி.வி.யை அணைத்துவிட்டார்.

ஆனால் வந்த விருந்தாளி எதையும் தின்னவில்லை. வைக்கோல் போட்டால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அகத்திக்கீரை, வாழைப்பழம், தவிடு, எதுவும் ஆகவில்லை. பூங்கோதைக்குத்தான் மனசு கேட்கவில்லை. தன் கல்யாணமே இதன் உடம்பைப் பொறுத்திருக்கிறது, இது பட்டினி கிடந்து செத்தால் செல்லப்பாண்டி அடுத்த ஜென்மத்துக்கு வாய்தா வாங்குவான் என்று நினைத்து, ஒரு கட்டுச் சோளத்தட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கிட்டத்தில் போனதும் அதன் கொம்பு நீண்டதைப் பார்த்துப் பயந்துபோய், "அண்ணே, நீங்க வைங்க" என்று மூக்கையாவிடம் நீட்டினாள். மூக்கையா "எனக்கு முட்டி வலி தாயி" என்று ஞானமணியிடம் நீட்டினார். ஞானமணி பூக்காரியிடம், பூக்காரி பஸ் கண்டக்டரிடம், கண்டக்டர் வாத்தியாரிடம், வாத்தியார் பக்கத்தில் யார் என்று பார்க்காமல் நீட்ட, அதை வாங்கியவர் அவருடைய தம்பி. காதுகுத்துக்கு அப்புறம் பேச்சுவார்த்தை இல்லாத அதே தம்பி. அவரும் வாங்கித்தான் தொலைத்தார். நீ வை, நீ வை என்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்து கடைசியில் யார் கை நீட்டியது என்று தெரியாமலே அந்தக் கட்டு அதன் வாய்க்கு எதிரே வந்ததும், பொருளாதாரம் எழுந்து நின்று நறுக் நறுக்கென்று கடித்து அத்தனையையும் தின்று தீர்த்து ஒரு ஏப்பம் விட்டது.

சின்னழகருக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டில் அரைத்த பருத்திக்கொட்டையை வாளியோடு கொண்டுபோய் நேராக அதன் முன்னால் வைத்தார். சம்பந்தி வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைக்காதவர் மாதிரி அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதே வாளி நாலு பேர் கை மாறி வந்ததும் நக்கிக் குடித்தது. அப்போதுதான் ஊருக்கு விளங்கியது, கை மாறாத தீனியை அது தொடாது. எத்தனை கை மாறுகிறதோ அத்தனை ருசி அதற்கு.

அப்புறம் பார்க்க வேண்டுமே கூளப்பட்டியை! வடக்குத்தெரு கடைசி வீட்டில் ஒரு கட்டுப் புல் கிளம்பினால் வாசல் வாசலாகக் கை மாறி, தெருவுக்குத் தெரு தாண்டி, கிழக்கே ரைஸ்மில் வரைக்கும் போய்த் திரும்பி வந்து திடலைச் சேரும். வருகிற வழியில் ஒருத்தர் ஒரு பிடி தவிட்டைச் சேர்த்து வைப்பார், ஒருத்தி ஒரு வெல்லக்கட்டியைச் சொருகி வைப்பாள், வாங்குகிற கையும் கொடுக்கிற கையும் ஒரு நிமிஷம் நின்று, "என்னக்கா, கால்வலி தேவலையா?" என்று கேட்டுக்கொள்ளும். பொருளாதாரம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாகத் திரண்டது. திமில் ஏறியது, தோல் மினுமினுத்தது, காலையில் எழுந்து துள்ளிக் குதித்தால் டீக்கடைக் கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுத்தன.

பூங்கோதை தலையில் பூ வைத்துக்கொண்டு நேராகச் செல்போன் கடைக்குப் போனாள்.

"வந்து பாருங்க. கொழுகொழுன்னு நிக்குது."

செல்லப்பாண்டி எட்டிப் பார்த்தான். முகம் வெளிறிப்போயிற்று. "கொழுகொழுன்னுதான் இருக்கு. ஆனா இடது பின்னங்காலு லேசா தாங்குற மாதிரி தெரியலை?"

"எது தாங்குது? நேத்து நாலு கால் பாய்ச்சல்ல ஓடுச்சு."

"அவசரப்படாத பிள்ள. இந்த மாதிரி திடீர்னு ஏறுற உடம்பு நெலைக்காது. ரெண்டு மாசம் போகட்டும்."

அவன் மட்டுமா? அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியவர்கள் அத்தனை பேரும் திடுக்கிட்டுப் போனார்கள். வடை ஏன் இன்னும் சின்னதாக இருக்கிறது என்று கேட்டவர்களிடம் ஞானமணி, அதுக்கு மந்தம் பிடிச்சிருக்கு, கண்ணைப் பாரு தெரியும் என்றார். அதன் வாயைப் பிளந்து சுக்குக் கஷாயம் ஊற்றப் பார்த்தார். வாத்தியார் அதற்கு ரத்தசோகை என்றார். அதோடு விட்டார்களா? சத்தம்போடாமல் இன்னொரு காரியமும் செய்தார்கள். புல்லுக்கட்டு கைக்கு வந்ததும் அடுத்த கைக்குக் கொடுக்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு, பராக்குப் பார்த்தபடி நின்றுவிட்டார்கள். ஒரு கை நின்றால் அதற்குப் பின்னால் வருகிற அத்தனையும் நின்றுபோகும் அல்லவா? பொருளாதாரம் வாடியது. திமில் சரிந்தது, கொம்பு இரண்டும் குட்டையாயின, ஒரு நாள் காலையில் மறுபடியும் படுத்தேவிட்டது.

"பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று செல்லப்பாண்டி சொன்னபோது அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்ததைப் பூங்கோதை கவனித்தாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆவணி பிறக்க ஒரு வாரம்தான் இருந்தது.

அவள் அழவில்லை இந்தத் தடவை. கடையிலிருந்த பெரிய வெண்கலச் சலங்கையை எடுத்து ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் போனாள். பொருளாதாரம் சரியில்லை என்று சொல்லிச் சொல்லித் திருப்பியனுப்பப்பட்டவர்கள் யார் யார் உண்டோ அத்தனை பேரையும் வெளியே வாங்க என்று கூப்பிட்டாள். மூக்கையாவின் பெண்டாட்டி வந்தாள், வாத்தியாரின் தம்பி குடும்பத்தோடு வந்தார், ஆட்டக்காரப் பெண்கள் தலையில் கரகத்தோடே வந்தார்கள், சின்ன வடை தின்று பசியாறாதவர்கள் வந்தார்கள், விலக்கில் இறங்கி வெயிலில் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள் வந்தார்கள். அப்படிப்பட்டவர்கள்தான் ஊரில் பாதிக்கு மேல் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வாங்குன கை குடுக்கணும்!" என்று பூங்கோதை ஞானமணியின் அக்குளிலிருந்து ஒரு புல்லுக்கட்டைப் பிடுங்கினாள். "குடுக்க மனசில்லைன்னா வழியை விடுங்கண்ணே."

அப்புறம் என்ன, புல் பறந்தது! தட்டை பறந்தது, தவிடு பறந்தது, பருத்திக்கொட்டை வாளி பறந்தது, கையிலிருந்து கைக்கு, கையிலிருந்து கைக்கு, வாங்கு கொடு வாங்கு கொடு என்று ஆட்டக்காரர்கள் அடவு கட்ட, தவில்காரர் எங்கிருந்தோ ஓடி வந்து அடிக்க ஆரம்பிக்க, இடையில் ஒரு கைப்பிள்ளைகூடத் தவறுதலாகப் பத்துப் பேர் கை மாறிச் சிரித்துக்கொண்டே தாயிடம் திரும்பி வந்தது. பொருளாதாரம் முதலில் ஒரு காதை அசைத்தது, அப்புறம் முன்னங்காலை ஊன்றியது, அப்புறம் வேப்பமரத்தின் கிளைகள் விலக எழுந்து நின்றது. பூங்கோதை அந்த வெண்கலச் சலங்கையை அதன் கழுத்தில் கட்டினாள். மூக்கணாங்கயிறு தேவைப்படவில்லை; அவள் முன்னால் நடக்க அது பின்னால் நடந்தது.

ஜல் ஜல்லென்று தெருவுக்குள் நுழைந்து ஒவ்வொரு வாசலாக நின்று, தலையை உள்ளே நீட்டி, பெரிய கண்ணால் அது வெறுமனே பார்த்தது. அவ்வளவுதான் செய்தது. அந்தக் கண்ணுக்கு எதிரே நின்று பொருளாதாரம் சரியில்லை என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்? வேறு காரணம் சொல்லியாக வேண்டும், வேறு காரணம் என்று யோசித்தால் உண்மையைத் தவிர வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

"எனக்குத் தோள்பட்டை எறங்கிப்போச்சு, மாவை ஆட்டி மாளலை, அதான் சின்னதாத் தட்டுனேன்!" என்று ஞானமணி அலறினார். "எனக்கு ஊசியில நூல் கோக்கக் கண்ணு தெரியலை, கண்ணாடி போட்டா கெழவன்னு சொல்லுவீங்க!" என்று மூக்கையா தலையில் அடித்துக்கொண்டார். "எந்தம்பி பொண்டாட்டி குழம்பு எனக்கு ஆகாது, வாயில வைக்க முடியாது!" என்றார் வாத்தியார். "அட இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அத்தானுக்குன்னு தனியா ரசம் வச்சிருப்பேனே!" என்று தம்பி பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். கூட்டத்தோடு கூட்டமாக வந்து நின்ற மத்தியானப் பஸ் டிரைவர் ஊருக்குள் தன் பழைய சிநேகிதி ஒருத்தி இருப்பதாகவும் அவள் முகத்தில் முழிக்கத் தெம்பில்லை என்றும் சொல்லிவிட்டு வேட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெரு முழுக்கக் காரணங்கள் கொட்டின. ஒருத்தர் உண்மையைக் கேட்டு இன்னொருத்தர் அடிக்கவே போனார், ஆனால் பாதி வழியில் சிரிப்பு வந்து திரும்பிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் செல்லப்பாண்டி ஷட்டரை இறக்கப் பார்த்தான். இறங்கவில்லை, கொம்பு உள்ளே வந்துவிட்டது.

"யோவ்," என்றாள் பூங்கோதை, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக. "வந்து கையை நீட்டுய்யா."

அவன் வெளியே வந்தான். ஊரே திரண்டு திடலுக்குப் போனது. சின்னழகர் நிச்சயத் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை உருவினார். செல்லப்பாண்டி எதிரே உட்கார்ந்தான். துண்டு விழுந்தது. தவில் நின்றது. பொருளாதாரம்கூட அசைபோடுவதை நிறுத்தியது.

சின்னழகர் முகம் கல். செல்லப்பாண்டி முகமும் கல்லாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம். அப்புறம் காது சிவந்தது. கன்னம் உப்பியது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. சின்னழகர் உள்ளே நடுவிரலைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டியிருப்பார் போல, அவ்வளவுதான், செல்லப்பாண்டி தடாலென்று மல்லாந்து விழுந்து, காலை உதைத்துக்கொண்டு, ஹிஹீ ஹிஹீ என்று சிரிக்க ஆரம்பித்தான்.

"போச்சு, முறிஞ்சது" என்று யாரோ சொன்னார்கள். பூங்கோதைக்கு உயிரே போய்விட்டது.

"கூசுது!" என்றான் செல்லப்பாண்டி, சிரிப்பும் அழுகையுமாக. "எனக்குக் கை கூசும் மாமா! சின்னப்பிள்ளையிலருந்தே உள்ளங்கையில விரல் பட்டாப் போச்சு, அடக்கவே முடியாது. எங்கப்பாவும் தரகருதானே, தரகர் மகன் துண்டுக்குள்ள சிரிக்கிறானேன்னு அவருக்கு எம்மேல அம்புட்டு வருத்தம். சிரிச்சா முறிஞ்சிரும், முறிஞ்சா நீ போயிருவ கோதை. துண்டே போடாம இருந்தா நீ இருப்பியேன்னு நெனைச்சேன்."

"இம்புட்டுத்தானா?" என்றாள் பூங்கோதை. அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்வதா, கழுத்தை நெரிப்பதா என்று தெரியவில்லை. "இதுக்கா ஆறு வருஷம்? இந்தக் கிச்சுக்கிச்சுக்கா?"

சின்னழகர் துண்டை உதறித் தட்டைக் கையில் எடுத்தார். "முறை முறைதான் ஆத்தா. சிரிச்சுட்டான். எந்திரி, போகலாம்."

பூங்கோதை எழுந்திருக்கவில்லை. மாமன் கையிலிருந்த துண்டை வாங்கி, அதாலேயே செல்லப்பாண்டியை முதுகில் இரண்டு சாத்துச் சாத்திவிட்டு, மாமன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"நான் பேசுறேன்."

"பொம்பளப்பிள்ள துண்டு போடுறதாவது! எந்த ஊருல நடக்குது?"

"பொருளாதாரம் நடந்து வர்ற ஊருல நடக்குது. தள்ளி உக்காருங்க மாமா."

துண்டைப் போட்டாள். உள்ளே அவன் சுண்டுவிரலைப் பிடித்தாள். அவன் சிரித்தான். "முறிஞ்சது" என்றாள். மறுபடியும் போட்டாள், மோதிர விரலைப் பிடித்தாள், அவன் குலுங்கினான், "முறிஞ்சது, மறுபடி" என்றாள். முறிய முறியப் போட்டாள், போடப் போட முறிந்தது. நாலாவது தடவையோ அஞ்சாவது தடவையோ அவளுக்கே குபீரென்று வந்துவிட்டது. அவள் சிரிக்க, ஆட்டக்காரர்கள் சிரிக்க, ஞானமணி இறங்கிய தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, வாத்தியாரும் தம்பியும் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து சிரிக்க, சந்தை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. அந்த அமளியில் பொருளாதாரம் சலங்கை குலுங்க விலக்கு ரோட்டைப் பார்த்து நடந்து போனதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் பக்கத்தில் நின்றவரைப் பார்க்கவே அவரவருக்கு நேரம் சரியாக இருந்தது.

சின்னழகர் மட்டும் தட்டை இடுப்பில் இடுக்கியபடி, முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள என்னென்னவோ செய்து பார்த்துக்கொண்டு நின்றார். மீசை துடித்தது. கடைசியில் தொண்டையைச் செருமி, சந்தைக்கு உண்டான குரலில் கேட்டார்:

"முடிவா என்னதான் படிஞ்சது?"

பூங்கோதை துண்டுக்குள் இருந்த கையைப் பார்த்தாள். எதிரே செல்லப்பாண்டி கண்ணீர் வழிய, மூச்சுத் திணற, இன்னும் சிரித்துக்கொண்டேதான் இருந்தான்.

"ஒண்ணும் படியலை மாமா" என்றாள். "கையைத்தான் விட மாட்டேங்கிறாரு."